வலது மூக்கின் கோபம்

கண்ணாடிக் கிடங்கில் அவளுடைய அண்ணன் அவளுடைய புருஷனின் மூக்கை உடைத்தபோது, முதலாளி முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஷீட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான். விழவில்லை. அப்புறம்தான் மூக்கைப் பார்த்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அன்று காலை அவள் வலது தோளைத் தூக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தாள். கண்ணாடியின் விளிம்பு தேய்க்கும் மெஷினில் நிற்கிறவளுக்குத் தோள்தான் சோறு. இடது கையால் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, வலது கையைத் துணி மாதிரித் தொங்கவிட்டிருந்தாள். என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டான். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். கதவுக்குக் கை முளைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவன் நேராகப் போய்க் குத்தினான். சாயங்காலம் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான்.

அதோடு பெரிய ஷீட்டுகள் நகரவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய ஷீட்டை ஆளுக்கொரு முனையில் பிடித்து, அடி பிசகாமல் நடக்கத் தெரிந்தவர்கள் இந்த மச்சானும் மாப்பிள்ளையும்தான். கிடங்கில் இவர்களுக்கு 'ஜோடி மாடு' என்று பெயர். ஒருவன் அவசரப்பட்டால் ஷீட் நடுவில் அதிரும், அதிர்ந்தால் உடையும், உடைந்தால் முதலில் போவது மணிக்கட்டு. இப்போது இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேறு ஆட்களை வைத்துத் தூக்கியதில் ஒரு ஷீட்டின் மூலை போயிற்று. முதலாளி இரண்டு பேரையும் துரத்திவிடத்தான் நினைத்தார். துரத்தினால் தூக்குவது யார்?

வழி கண்டுபிடித்தது முதலாளியம்மா. அவள் கொஞ்ச காலமாகத் திபெத்திய யோகம் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்தவளைக் கிடங்குக்கே அழைத்து வந்துவிட்டாள். மலைமேல் ஒரு மடத்தில் துறவிகளிடம் பல வருஷம் பயின்றவள் அந்த டீச்சர். தொழிலாளிகள் உடனே 'மூச்சு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் லாரி ஏற்றும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து எல்லாரும் உட்கார வேண்டும். சாப்பிட்ட வயிற்றோடு மூச்சா என்று டீச்சர் தயங்கினாள். வேலை நேரத்தில் முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

உடம்பு, அதற்குள் ஓடும் காற்று, மனசு, இந்த மூன்றில் ஒன்று கோணினால் மற்ற இரண்டும் கோணும் என்றாள் டீச்சர். கைகளை மெல்ல, மிக மெல்ல உயர்த்தச் சொன்னாள். முடிகிற மட்டும் போதும் என்று தோள் வலிக்காரியைப் பார்த்துத் தனியாகச் சொன்னாள். மூச்சை அடிவயிறு வரை இறக்கச் சொன்னாள். அப்புறம் மூக்கு. வலது மூக்கு வழியாக விடும் மூச்சோடு கோபம் வெளியே போவதாக நினைக்க வேண்டும். இடது வழியாக ஆசை. இரண்டும் சேர்த்து விடும்போது மந்தம். மந்தம் என்றதும் பின்வரிசையில் ஒருவன் முதலாளி பெயரை முணுமுணுத்தான்.

அவளுடைய புருஷனுக்கு வலது மூக்கு முழுக்க அடைப்பு. எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அடைத்த மூக்கு வழியாக எப்படி விடுவது என்று அவன் கையைத் தூக்கி டீச்சரிடம் கேட்டான். மூக்கு முக்கியமில்லை, நினைப்புதான் முக்கியம் என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. நேராக அண்ணன் பக்கம் திரும்பினான்.

"உங்க புண்ணியத்துல என் கோபம் வெளிய போக வழியே இல்லாம போச்சு மச்சான்."

கொல்லென்று சிரிப்பு. அண்ணனும் சிரித்துவிட்டான். மறுநாள் இரண்டு பேரும் ஒரே பீடியைப் பங்கு போட்டார்கள். அதற்கடுத்த நாள் நடுத்தர ஷீட் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்கள், பொட்டு அதிர்வில்லை. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புக்கு விலை யார் என்பது அண்ணன் வீட்டில் இருந்தவளுக்கு, ஷீட் தூக்கிய அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. அண்ணி சோற்றைத் தட்டில் போட்ட சத்தமே சொல்லிற்று. மாப்பிள்ளை மாறிவிட்டார், தினமும் கண்ணை மூடி உட்காருகிறார், இதற்கு மேல் ஒரு பொம்பளைக்கு என்ன வேண்டும் என்று அண்ணி சுவரிடம் கேட்டாள். அண்ணன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளையின் மூக்கை உடைத்த கணக்கு வேறு. தங்கச்சியை வைத்துச் சோறு போடும் கணக்கு வேறு.

வகுப்பில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. புருஷன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவளுடைய மூச்சு நெஞ்சுக்குழியைத் தாண்டாது. எவ்வளவு இழுத்தாலும் அங்கேயே முட்டி நிற்கும். ஒருநாள் அவன் போன் பேச வெளியே போனான். மூச்சு கல்லைப் போட்டது போல் அடிவயிற்றுக்கு இறங்கியது. அவளே பயந்துபோனாள். கண்ணைத் திறந்தபோது டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு சொல்கிறதைத் திருத்தாதே, முதலில் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

ஜவுளிக்கடை முகப்புக்கு ஆர்டர் வந்த ராட்சத ஷீட் லாரியேற வேண்டிய நாள் வந்தது. ஏற்றி முடித்ததும் கடைசி வகுப்பு, வகுப்பு முடிந்ததும் அவள் புருஷனோடு வீட்டுக்குப் போகிறாள் என்று முதலாளி அறிவித்தார். அவளைக் கேட்கவில்லை. காலையிலேயே அண்ணி அவளுடைய பையைக் கொண்டுவந்து வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டாள்.

மதியம் தண்ணீர்க் குழாயடியில் புருஷன் பக்கத்தில் வந்து நின்றான். யாராவது பார்த்தால் சமாதானம் பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள். முகத்தில் அந்த வகுப்புச் சிரிப்பு.

"மூக்கு இன்னும் அடைப்புதான். கோபம் போக வேற வழிதான் பாக்கணும். வீட்டுக்கு வந்ததும் பாத்து நடந்துக்க."

அவள் குழாயை மூடினாள்.

பெரிய ஷீட் நகரும்போது கிடங்கில் மெஷின் ஓடாது. யாரும் நடக்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். கடைசி வகுப்புக்கு வந்திருந்த டீச்சரும் முதலாளியம்மாவும்கூட ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜோடி மாடு கையுறை மாட்டி, ரப்பர் பிடிகளை அழுத்தி, ஷீட்டைத் தூக்கியது. அண்ணன் பின்பக்கமாக நடந்தான். புருஷன் முன்பக்கமாக. எதிரெதிர் முகம், நடுவில் கண்ணாடி, டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே ஒரே மூச்சு. பாதி தூரம் வந்திருப்பார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றாள் அவள்.

எல்லாத் தலையும் திரும்பியது, தூக்கியிருந்த இரண்டு தலையைத் தவிர.

"வலது மூக்கு அடைச்சிருந்தா கோபம் கைக்குப் போயிடுமா? போகும்னு இவர் சொல்றார். வீட்டுக்கு வந்தா பாத்து நடந்துக்கன்னு இப்பதான் குழாயடியில சொன்னார்."

"ஷீட் போவுது. வாயை மூடு," என்றான் அண்ணன், உதடு அசையாமல்.

"போகட்டும். நான் பிடிச்சு இழுக்கலியே."

முதலாளி இரண்டு கையையும் அவளைப் பார்த்து ஆட்டினார். இரும்மா, இரும்மா என்று கிசுகிசுத்தார். அவர் கெஞ்சியது கண்ணாடிக்காக. புருஷன் வாயால் மூச்சு வாங்கினான். ஷீட்டின் மேல்விளிம்பு லேசாக ரீங்கரித்தது. அண்ணன் அடியைக் குறைத்தான். புருஷனும் குறைக்க வேண்டியதாயிற்று.

டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். முதலாளியம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். டீச்சர் விலக்கிக்கொண்டாள்.

"போகாதும்மா. மூக்கு அடைச்சா கோபம் கைக்குப் போகாது. கையை ஓங்கறவர்தான் ஓங்கறார்."

"சரி. அப்ப நான் அவரோட போகலை," என்றாள் அவள். "சாயங்காலம் உக்காந்து பேசலாம்னு சொல்வீங்க. சாயங்காலம் அவர் கை சும்மா இருக்கும். இப்ப ரெண்டு கையிலயும் வேலை இருக்கு. அதான் இப்பவே சொல்றேன்."

ஷீட் லாரி வரை போனது. சாய்வுச் சட்டத்தில் வைத்து, பட்டையை இழுத்துக் கட்டும் வரை ஒரு பொட்டுக் கீறல் இல்லை. வேலை என்று வந்தால் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான்.

அண்ணன் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"அப்ப என் வீட்டுப் பக்கமும் வராத. உனக்காகப் போய்க் குத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நீ குத்தினது நல்லாதான் இருந்துச்சு அண்ணே," என்றாள். "அதுக்கப்புறம்தான் சரியில்லை."

அவள் தன் மெஷினுக்குத் திரும்பினாள். புருஷன் அதற்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வகுப்புக் குரலிலேயே, வீட்டுக்கு வா, பேசிக்கலாம் என்றான். அவள் சுவிட்சைத் தட்டினாள். தண்ணீர் விழுந்தது. கண்ணாடியின் விளிம்பைக் கல்லில் கொடுத்ததும் வெள்ளைச் சேறு தெறித்து அவன் சட்டை முழுக்கப் பூசியது. அவன் நகரவில்லை. அவளும் நிறுத்தவில்லை. மூச்சு நெஞ்சுக்குழியிலேயே முட்டி நின்றது. நிற்கட்டும் என்று விட்டாள். வலது தோள் எரிந்தது. கடைசியில் முதலாளிதான் வந்து, அடுத்த ஷீட் காத்திருக்கிறது என்று அவனை அழைத்துப் போனார்.

கண்ணாடி கழுவும் அக்கா வாளியோடு வந்து நின்றாள். அவளுக்குக் குடும்பம் இல்லை; சந்தின் கோடியில் ஒற்றை அறை.

"அக்கா, உங்க ரூம்ல ஒரு ஆள் படுக்க இடம் இருக்கா?"

"இருக்கு. நான் குறட்டை விடுவேன்."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு இப்ப சொல்லுவ," என்றாள் அக்கா. வாளியைக் கீழே வைத்துவிட்டு, பையை எடுத்துவர வாட்ச்மேன் அறைக்குப் போனாள்.