கடைசியில் வந்தவர்களுக்கே கட்டில்

கூடாரத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தது என் கணவன் வெய்க்கோவின் யோசனை. இரண்டரைக் கிலோ மிச்சமாம்.

"மேல குடிசையில ரெண்டு கட்டில் இருக்கு, ஹில்கா. கடைசியா வர்றவங்களுக்குத்தான் இடம். முன்னாடியே வந்து படுத்தவங்க எழுந்து போயிடணும். லாப்லாந்து மலைக் குடிசைகள்ல எப்பவும் இதுதானே வழக்கம்?"

வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் ஏப்ரலில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இன்று ராத்திரி கட்டில் கிடைக்காவிட்டால், நாளை பதினாலு கிலோமீட்டர் என்னால் நடக்க முடியாது.

பாறை விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். கீழே பள்ளத்தாக்கில் ஆறு வளைந்து வளைந்து போனது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அதெல்லாம் கால் மணி நேரம்தான். பக்கத்துப் பாறையில் ஓலு நகரத்துத் தம்பதி, ரைலியும் என்சியோவும், உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மூட்டையிலும் கூடாரம் இல்லை. வெய்க்கோ அதைக் கவனித்தான். எங்கள் மூட்டையை என்சியோ கவனித்தார்.

"நீங்க கிளம்புங்க, நாங்க இன்னும் கொஞ்சம் பாக்கறோம்" என்றார் என்சியோ.

"எங்களுக்கு அவசரமே இல்லைங்க. இந்த ஆத்தை எவ்வளவு பாத்தாலும் அலுக்காது" என்றான் வெய்க்கோ. வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஏரியைப் பதினெட்டு வருடமாகத் திரும்பிப் பார்க்காதவன்!

மூன்று மணி நேரம் போனது. இரண்டு தடவை காபி காய்ச்சினோம். கொசுக்கள் வயிறாரச் சாப்பிட்டன. பிறகு மூடுபனி ஏறிவந்து ஆற்றை முழுங்கியது. ஆண்கள் இருவரும் அசையவில்லை.

"இப்ப என்னத்தைத்தான் பாக்கறீங்க?" என்று ரைலி கேட்டாள். பதிலுக்கு மழைதான் வந்தது.

நால்வரும் ஒன்றாகவே ஓடினோம். குடிசை காலி. கதவைத் திறந்துவிட்டு ஆண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"நீங்க முதல்ல போங்க."

"அட, நீங்க போங்க."

இரண்டு மூக்கிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரைலியைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். இருவரும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, ஆளுக்கொரு கட்டிலில் காலை நீட்டினோம்.

"ஹில்கா! முதல்ல போயிட்டியே, எல்லாம் போச்சு!"

"அப்ப நீ கடைசியா வந்து என்னை எழுப்பு, பாக்கலாம்."

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிச் சேர்ந்தே நுழைவது என்று முடிவு செய்தார்கள். மூன்று என்றதும் இருவருமே அசையாமல் நின்றார்கள். ஐந்தாவது முயற்சியில் மூட்டையோடு கதவுக்கிடையில் சிக்கிக்கொண்டார்கள். நாங்கள் இழுத்துப் போட்டோம்.

காலையில் குடிசையின் வருகைப் பதிவேட்டில் எழுதினேன்: "முதலில் வந்தவர்கள் ஹில்கா, ரைலி. கட்டிலில் தூங்கினோம். வெய்க்கோ, என்சியோ தரையில் படுத்தார்கள். இவர்களில் யார் கடைசி என்பது இன்னும் முடிவாகவில்லை."

என் முழங்கால் நன்றாக இருந்தது. வெய்க்கோவுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கார் வரைக்கும் அவன் மூட்டையையும் நானே சுமந்தேன். நல்லவேளை, கூடாரம் இல்லை.