விளக்கை அணைத்தவர் கையெழுத்து

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பணமா? போன வாரம்தானே பந்துக்குக் குடுத்தேன். எல்லாத்தையும் வறுத்துத் தின்னுட்டீங்களா?"

"பணம் இல்ல."

"அப்போ தாராளமா கேளுங்க."

"இல்ல... எங்க டீம் பட்ஜெட் உங்க மேசையைத் தாண்டித்தான் போகணும். இப்ப கேட்டா நல்லா இருக்காது. அப்புறம் கேக்கறேன்."

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் கணக்கு அதிகாரிக்கு இந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. பெண்கள் ஹாக்கிப் பயிற்சியாளர் அப்படிச் சொல்லி இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த 'அப்புறம்' மட்டும் வந்தபாடில்லை. ரசீதோடு வருவார், காது சிவக்க நிற்பார், போய்விடுவார். என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் அண்ணிக்கே தெரியும். "எத்தனையோ டீம் இருக்கு. ஹாக்கி கணக்கு மட்டும் உன் பின்னாடியே வீடு வரைக்கும் வருதே, அது எப்படிம்மா?" என்று சீண்டிக்கொண்டே இருப்பாள்.

இப்போது அந்த ஹாக்கி கணக்குக்கே ஆபத்து. துறை இயக்குநரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'கத்தரி' என்றுதான் சொல்வார்கள். செலவைக் குறைக்க ஓர் அணியைக் கலைத்தே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். மின்சாரச் செலவில் முதலிடம் பெண்கள் ஹாக்கிக்கு. அணி போனால் பயிற்சியாளரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் எந்த ஊரோ, எந்த மைதானமோ.

இதைக் காகிதத்தில் எழுதி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று மாலையில் மைதானத்துக்குப் போனாள். கோபுர விளக்குகளுக்குக் கீழே ஆண்கள் கால்பந்து அணி ஆடி முடித்து வியர்வையோடு வெளியேற, அதுவரை ஓரத்தில் காத்திருந்த பெண்கள் மட்டைகளோடு இறங்கினார்கள். பயிற்சி முடிந்ததும் அவர் சுவிட்ச் அறைக்குள் போய் விளக்கை அணைத்தார். சுவரில் தொங்கிய அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

"இது எதுக்கு கோச்?"

"விளக்கை யார் அணைக்கறாங்களோ அவங்க கையெழுத்து போடணும். நான் சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க. இதை வெச்சுத்தான் கரன்ட் செலவைப் பிரிக்கறாங்களாம்."

"விளக்கைப் போட்டது யாரு?"

"ஃபுட்பால். வெயில் இறங்கினதுமே போட்டுடுவாங்க."

"அவங்க கையெழுத்து?"

"அவங்க அணைக்கறதில்லையே மேடம்."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மைதான அலுவலகம் பிரித்து அனுப்பியதை அவளும் அப்படியே கணக்கில் ஏற்றிக்கொண்டுதானே இருந்தாள்.

"ஊரே ஆடின ஆட்டத்துக்கு நீங்க ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்கீங்க கோச். எதையுமே வாயைத் திறந்து கேக்க மாட்டீங்களா?"

அவர் காது சிவந்தது.

மறுநாள் கூட்டத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்திருக்க, கத்தரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மத்த டீம் எல்லாம் சேர்ந்தாலும் ஹாக்கி கரன்ட் செலவைத் தொட முடியல. வேற வழியில்ல."

"உண்மைதான் சார்," என்றாள் அவள். "ஃபுட்பாலுக்கு ஒரு பைசா கூட இல்ல. அவங்க இருட்டுலயா ஆடறாங்க?"

அவள் கால்பந்துப் பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், பந்து கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது மேடம்... வெளிச்சம் இருக்கே."

யாரோ சிரித்தார்கள். அவள் விளக்கு அட்டையின் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அறை முழுக்கச் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து, கலைக்க வேண்டிய அணி என்று எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டார். ஆடும் நேரத்துக்கு ஏற்பச் செலவைப் பிரிக்கச் சொன்னார். "வாரத்துல பாதி நாள் ஹாக்கி முதல்ல ஆடட்டும். ஃபுட்பால் விளக்கை அணைச்சுப் பழகட்டும்," என்றார்.

கீழே காத்திருந்த பெண்கள் செய்தி கேட்டுப் போட்ட கூச்சலில் மாடி ஜன்னல் அதிர்ந்தது. மட்டைகளை உயர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

பயிற்சியாளர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். "எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"ஒரு சேதி இருக்கு கோச். இனிமே ஹாக்கி ஃபைலை உதவி அதிகாரிதான் பாப்பாரு. இயக்குநர்கிட்ட இப்பதான் அனுமதி வாங்கினேன்."

அவர் முகம் வாடியது. "ஏன் மேடம், நான் ஏதாவது தப்பா..."

"உங்க பட்ஜெட் இனிமே என் மேசைப் பக்கமே வராது."

புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துத் திருகினார். உதடு மட்டும் அசைந்தது.

"மைதானத்துல அந்தக் கோடி வரைக்கும் கேக்கற குரல் எங்க போச்சு?" என்றாள் அவள்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். அடுத்த அறைகளில் நாற்காலிகள் நகரும் ஓசை நின்றது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"