பதினெட்டாவது களத்தில் இரண்டு குழி

கோல்ஃப் மைதானத்தில் பந்து விழ வேண்டிய குழி ஒரே இடத்தில் இருக்காது. தினமும் விடிந்ததும் பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று வெட்ட வேண்டும். இந்த ரிசார்ட்டில் பதினோரு வருடமாக வெட்டுவது நான். டிவியில் ஆட்டக்காரரைக் காட்டுவார்கள், அவர் தொப்பியைக்கூடக் காட்டுவார்கள், குழி வெட்டியவளைக் காட்ட மாட்டார்கள். போகட்டும்.

அன்று சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். ஆட்டம் முடியும் பதினெட்டாவது களத்தில் குழி எங்கே வர வேண்டும் என்று நடுவர் முந்தின சாயங்காலமே புல்லில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். பழைய குழியின் கொடியையும் உள்ளே இருந்த கிண்ணத்தையும் எடுத்து வைத்துவிட்டு, மண்ணை வெட்டும் கட்டரைத் தூக்கினேன். பளபளக்கும் ஷூவோடு மேனேஜர் வந்தார்.

"ஏம்மா, அங்க வேண்டாம். இந்த விளம்பரப் பலகைக்கு முன்னாடி வெட்டு. ஜெயிக்கிற பந்து விழும்போது டிவியில பலகை தெரியணும்."

"அது சரிவு சார், பந்து நிக்காது. நடுவர் வெச்ச புள்ளி இங்க இருக்கு."

"சொன்னதைச் செய். வேலை வேணுமா, வேண்டாமா?"

பக்கத்து மணல் பள்ளத்தை வாரிச் சமன் செய்துகொண்டிருந்த என் அக்கா, வாயை மூடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கட்டரை அவரிடமே நீட்டினேன்.

"அப்ப நீங்களே வெட்டிக்குங்க சார்."

மனிதர் வாங்கிவிட்டார்! கேக் வெட்டுவதுபோல என்று நினைத்திருக்க வேண்டும். குத்தி, திருகி, மூச்சு வாங்கி, ஒருவழியாகப் புல்லோடு ஒரு மண்கட்டியைப் பிடுங்கிப் புதருக்குள் வீசினார். புதுக்குழியிலிருந்து வரும் கட்டியை வைத்துத்தான் பழையதை மூட வேண்டும். அது தெரியாமல் கிண்ணத்தை இறக்கி, கொடியை நட்டு, கையைத் தட்டிக்கொண்டார். பழைய குழி நாலடி தள்ளி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

சோதிக்க வந்த நடுவர் திகைத்துப்போனார். "என்ன இது, ரெண்டு குழி இருக்கு?"

"இந்தம்மா பண்ணின வேலை சார்," என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

நடுவர் என்னிடம் திரும்பினார். "நீங்களா வெட்டினீங்க?"

"தெரியாம வெட்டிட்டேன்னு சொல்லுடி," என்று அக்கா முணுமுணுத்தாள்.

சொல்லியிருந்தால் வேலை தங்கியிருக்கும். ஆனால் பதினோரு வருடத்தில் நான் வெட்டிய ஒரு குழியின் விளிம்புகூடக் கிழிந்ததில்லை. அந்தக் கோணல் குழியை என்னுடையது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"நான் வெட்டலை. சாரோட ஷூவைப் பாருங்க."

ஷூ முழுக்க ஈரமண். மேனேஜர் பல்லைக் கடித்தார். "இன்னையோட உனக்கு வேலை கிடையாது."

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார். மூட வேண்டிய குழி ரெண்டு. புள்ளியில வெட்டினா ஒரு கட்டிதான் வரும். நீங்க வீசினதைத் தேடி எடுத்துட்டு வாங்க."

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் முட்டிபோட்டுப் புதருக்குள் நுழைந்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்று மணலை வாரினாள்.

நான் புள்ளியில் வெட்டினேன். கடைசிப் பந்து அதில்தான் விழுந்தது. டிவியில் பலகை தலைகாட்டவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கட்டரோடு முதல் களத்தில் போய் நின்றேன். மேனேஜர் விறுவிறுவென்று வந்தார்.

"உன்னை யாரு வரச் சொன்னது?"

"குழி வெட்டணுமே சார். இல்ல, நீங்களே வெட்டிக்கிறீங்களா?" கட்டரை நீட்டினேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.