நாலு வரி எழுதித் தர முடியுமா?

ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி வந்தார்கள். அக்கா ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். தங்கை போன் எடுப்பாள், நேரம் குறிப்பாள், பயந்து வருகிறவர்களிடம் பேசிப் பேசித் தைரியம் சொல்வாள். வாய்வழியாகச் சொல்லித்தான் ஆள் வரும். அண்ணன் கற்றுக்கொண்டு போனால் தம்பி வருவான். மருமகள் வந்தால் கொஞ்ச நாளில் மாமியாரும் வந்துவிடுவார்.

அடுத்த தெருவில் ஆறு கார்களோடு புதிதாக ஒரு ஸ்கூல் திறந்த பிறகு, போன் அடிப்பது குறைந்தது. தங்கை இணையத்தில் தேடிப் பார்த்தாள். அவர்களுக்கு நானூறு விமர்சனங்கள். இவர்களுக்கு மூன்று. அதிலும் ஒன்று, பக்கத்து சலூனுக்கு எழுத வேண்டியதை யாரோ தவறி இங்கே எழுதியது.

"நாம முடி நல்லா வெட்டுறோமாம்க்கா" என்றாள் தங்கை.

அன்று மத்தியானமே அவள் ஒரு செய்தி தயார் செய்தாள். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கி ஆதரவளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

அக்கா படித்துவிட்டு முகம் சுளித்தாள். "ஓட்டு கேட்க வந்த மாதிரி இருக்கு. எத்தனை நட்சத்திரம்னும் நாமளே சொல்லிட்டா, அப்புறம் அவங்க எதுக்கு?"

"அப்ப நீயே எழுது. நீ எப்படிக் கேட்பேன்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடியைப் பாரு, சிக்னல் போடு, இப்ப எழுதுன்னு கத்துவ."

அக்கா அலமாரியிலிருந்து மாணவர் பதிவு நோட்டுகள் ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர், போன் எண், முதல் வகுப்பு நடந்த தேதி, தேறிய தேதி. எல்லாம் அவள் கையெழுத்து.

புரட்டப் புரட்ட ஆட்கள் எழுந்து வந்தார்கள். இரண்டாவது நோட்டில் ஒரு தையல்காரர். ஆக்ஸிலரேட்டரைத் தையல் மெஷின் பெடல் மாதிரி மிதிப்பார். கார் ரோட்டைத் தைத்துக்கொண்டே போகும். சேர்ந்து கற்க வந்த ஒரு தம்பதி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்சீட்டிலிருந்து பாடம் நடத்தியதால், மூன்றாம் நாளே தனித்தனியாக வரச் சொல்லிவிட்டாள். அப்போதெல்லாம் ரிவர்ஸ் பழக ஒரு காலி மனை இருந்தது. அதன் நடுவில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். யார் வந்தாலும் எழுந்திருக்காது. அதைச் சுற்றிச் சுற்றியே நூறு பேர் வளைக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது அங்கே ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். தையல்காரருக்கு எழுதியது இது: 'வணக்கம், கார் டீச்சர் எழுதறேன். இப்பவும் தைச்சுக்கிட்டேதான் ஓட்டுறீங்களா? நேரம் இருந்தா, எங்ககிட்ட கத்துக்கிட்டது எப்படி இருந்துச்சுன்னு கீழே இருக்கற லிங்க்ல நாலு வரி எழுதித் தர முடியுமா? நல்லதா எழுதணும்னு இல்ல, உள்ளதை எழுதினா போதும். முடியலேன்னாலும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.'

நான்காவது நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே தேறிய தேதி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் வந்த நர்ஸ். ரவுண்டானாவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "உனக்கெல்லாம் எதுக்கு ஸ்டியரிங்? இறங்கி நடந்து போ" என்று அக்கா கத்திவிட்டாள். அந்தப் பெண் நிஜமாகவே கதவைத் திறந்து இறங்கிப் போனாள். பிறகு வரவில்லை.

"அவளை விடு. கேட்டு வாங்கிக் கட்டிக்காதே" என்றாள் தங்கை.

"அவகிட்ட விமர்சனம் கேட்கல" என்றாள் அக்கா. 'அன்னைக்கு நான் பேசினது தப்பு. அப்பவே சொல்லியிருக்கணும்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் டியூட்டி முடிந்த உடையிலேயே நர்ஸ் நேரில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு வீடு வரைக்கும் நடந்தே போனேன் டீச்சர். வழி பூரா உங்களுக்கு என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே போனேன்."

"இப்ப சொல்லு. கேட்டுக்கறேன்."

"பாதி மறந்துபோச்சு. மீதி சொல்ற மாதிரி இல்ல."

முதலில் சிரித்தது தங்கைதான். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "விட்ட இடத்துலேருந்து தொடங்கலாமா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அக்காவும் நர்ஸும் அதே ரவுண்டானாவுக்குப் போனார்கள். வண்டி மறுபடியும் நின்றது. பின்னால் ஹாரன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க டீச்சர். நீங்க சும்மா இருந்தா இன்னும் பயமா இருக்கு."

"கிளட்சை மிதி" என்று அக்கா போட்ட சத்தம் பின்னால் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். கார் கிளம்பியது.

இதற்குள் விமர்சனங்கள் ஒவ்வொன்றாக வந்து அறுபதைத் தாண்டின. பெரும்பாலானவர்கள் அவள் கத்தியதையும் மறக்காமல் எழுதியிருந்தார்கள். தம்பதி, ஒரே விமர்சனத்தைச் சேர்ந்து எழுதிப் பாதியில் சண்டை போட்டிருந்தார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை. ஆனால் காரைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டியதும் இல்லை. "அந்தத் திட்டுற டீச்சர்கிட்டயே கிளாஸ் கிடைக்குமா?" என்று கேட்டே சிலர் போன் செய்தார்கள்.

நர்ஸ் இரண்டாவது முயற்சியில் தேறினாள். எழுதித் தரச் சொல்லி அவளிடம் அக்கா கேட்கவே இல்லை, அவளும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஏறுங்க ரெண்டு பேரும். ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

தங்கை பின்னால் ஏறினாள். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவள் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. இந்தக் காரில் அது இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் வெறும் மிதியடியை மிதித்து மிதித்து மீண்டது. நர்ஸ் அதைப் பார்த்தும் பார்க்காதவளைப் போல, கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, நிதானமாகத் திரும்பினாள்.