மூச்சில் அடித்த வாடை

என் வீட்டுக்காரர் சேது குடிகாரராக இருந்தவர்தான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? பத்து வருஷம் கள்ளுக்கடையிலிருந்து லயத்து வீட்டுக்கு அவரைத் தாங்கி இழுத்து வந்தவள் நான். எண்பத்து நாலாம் வருஷம் தைப்பூசத்தோடு விட்டார். எப்படி விட்டாரோ, விட்டார். அந்த வருஷமே ஈஜோக் பக்கத்தில் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ளத் தானாகப் போய் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கறி மீன் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை தனி. குடித்தவன் அந்தக் கயிற்றோடு நெருப்பில் இறங்கினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார்.

நாலாம் நாள் வேலையில் செம்பனை முள் காலில் ஏறிச் சீழ் வைத்தது. அதோடு தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்த வேகத்தில் ஒதுங்கப் போனார். ஆள் இளைத்துக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. விரதம் இருந்துகொண்டு வெயிலில் குலை வெட்டுகிற உடம்பு இளைக்காமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மடச்சி.

பிறகு அந்த வாடை வந்தது. அழுகத் தொடங்கிய அன்னாசிப் பழம் மாதிரி, அவர் பேசும்போதெல்லாம் அடித்தது. கள்ளை விட்டுவிட்டு யாரிடமோ சம்சு சாராயம் வாங்கி ஒளித்துக் குடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் விறகுக்குள்ளும் அரிசித் தகரத்துக்குள்ளும் போத்தல் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கும் சேர்த்து அவர் மேல்தான் ஆத்திரப்பட்டேன்.

ஏழாம் நாள் சாயங்காலப் பூசையில் அவரால் நேராக நிற்க முடியவில்லை. கோயில் தலைவரும் தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிறவருமான செல்லையா மண்டோர் விபூதி பூசக் குனிந்தவர் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடிச்சியாடா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். என் வீட்டுக்காரர் தட்டில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சத்தியம் பண்ணுவான்? பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மணி, நீ சொல்லு. நான் குடிச்சேனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மண்டோர் கயிற்றை அறுத்துப் போட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலையில் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அஞ்சு மைல் ஓடி வந்தவர் மாதிரி பெரிது பெரிதாக மூச்சு வாங்கினார். போதை தெளியட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து வாயில் ஊற்றினேன். அதையும் கக்கினார். கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு டாக்டர் என்றால் புண் கட்டி மருந்து கொடுக்கிற டிரெசர் சிவானந்தம்தான். அவர் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"குடிச்சிருக்காரா?"

"ஆமாங்கய்யா. எனக்குத் தெரியாம ஒளிச்சுக் குடிக்கிறாரு."

என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

டிரெசர் வயிற்றுக்கு ஏதோ வெள்ளை மருந்து கொடுத்து, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். தூங்கினார். மத்தியானம் உலுக்கிப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. குலை ஏற்றுகிற லோரியில் போட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசியும் போத்தல் தண்ணியுமாக அவர்களும் போராடிப் பார்த்தார்கள். பொழுது இறங்குவதற்குள் போய்விட்டார்.

அங்கே நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி என்னை உட்காரவைத்து விளக்கினாள். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. காலில் வைத்த சீழும் பட்டினியும் சேர்ந்து அதைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாத உடம்பு கொழுப்பை எரித்து எரித்து, அதில் வந்த அமிலம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். அந்த அமிலத்தைக் குறைக்கத்தான் அப்படி மூச்சு வாங்கினாராம். வாடையும் அதனால் வந்ததுதானாம். நான் ஊற்றிய எலுமிச்சைச் சாற்றினாலா என்று கேட்டேன். இல்லையக்கா, அதனால் இல்லை என்றாள். குடித்திருந்தாரா என்று கேட்டேன். ரத்தத்தில் ஒரு துளி சாராயம் இல்லை என்றாள்.

பதினாறு முடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டிரெசரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சிவானந்தம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"மூத்திரத்தச் சோதிச்சுப் பாத்திருந்தா சர்க்கரைன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்மா. சோதிக்கிற மருந்துகூட இங்கயே இருக்கு. மூத்திரம் எடுக்கலாம்னுதான் நெனச்சேன். நீ குடிச்சாருன்னு சொன்னதும் எடுக்கல. கூட இருக்கிற பொண்டாட்டியே சொல்றப்ப, நான் எதுக்கு சந்தேகப்படணும்?"

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அந்த ஆள் பொய் சொல்லவில்லை. கேட்டார், நான்தான் சொன்னேன்.