அறுநூறு பேரை உள்ளே விட்ட நாள்

பத்து மணிக்கு நர்சிங் காலேஜின் விண்ணப்பப் பக்கம் திறந்தது. பத்து ஐந்துக்கெல்லாம் மேனேஜர் சாம்பசிவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்த ஆரம்பித்துவிட்டார்.

"ஏசுபாதம், சைட் ஓப்பனே ஆகலன்னு காலேஜ்காரங்க உயிரை எடுக்கறாங்க. என்னய்யா பண்ணிட்டிருக்க?"

என்ன பண்ணுவார் பாவம்? காலேஜுக்கு சைட் நடத்தித் தரும் அந்தச் சின்ன இரும்புலியூர் கம்பெனியில் சர்வர்களைக் கவனிக்க அவர் ஒருத்தர்தான். ஒரே சமயத்தில் நூற்றைம்பது பேருக்குத்தான் அனுமதி என்று அவரே எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே வரும் ஒவ்வொருவரும் மெஷினின் மெமரியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். இருநூறு பேர் வரை தாங்கும், அதற்கு மேல் மூச்சு முட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஆனால் சேலையூர் வீட்டில் மகள் ஜீவிதா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளே! நாற்பது சீட், முந்தி அனுப்புகிறவர்களுக்கு. போன வருஷம் தவறவிட்டு வீட்டிலேயே கிடந்தவள். இந்த வருஷமும் போனால் துணிக்கடை வேலைதான் என்று அவள் அம்மா ஷீலா கறாராகச் சொல்லியிருந்தாள். அந்த சைட் தன் கையில்தான் இருக்கிறது என்று ஏசுபாதம் வீட்டில் மூச்சு விடவில்லை. சிபாரிசு என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். பெரிய யோக்கியர்!

போன் அடித்தது.

"அப்பா, சுத்திக்கிட்டே இருக்குப்பா. திறக்கவே மாட்டேங்குது."

"மூடாதம்மா. அப்படியே விட்டுவை."

இருநூறு என்று மாற்றி, சர்வரை நிறுத்தாமலே ரீலோடு கொடுத்திருந்தால் போதும். உள்ளே இருப்பவர்கள் பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் இருநூறில் ஜீவிதா வருவாளோ மாட்டாளோ? பத்து நிமிஷம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன கை அறுநூறு என்று அடித்தது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு ரீலோடு எடுபடாது, சர்வரை முழுசாக நிறுத்தித்தான் கிளப்ப வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் வெளியே விழுவார்கள். விழட்டுமே, நம்ம பொண்ணு வெளியேதானே நிற்கிறாள் என்று நினைத்தார். நிறுத்தினார், கிளப்பினார்.

அறுநூறு பேரும் திபுதிபுவென்று நுழைந்தார்கள். மெஷின் படுத்துவிட்டது. அதைத் தட்டி எழுப்பி, பழையபடி நூற்றைம்பது ஆக்குவதற்குள் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது. அதன்பின் பதினோரு நிமிஷத்தில் மிச்சமிருந்த சீட்டெல்லாம் தீர்ந்தது. சாம்பசிவன் திட்டியது எதுவும் ஏசுபாதத்தின் காதில் ஏறவில்லை.

மறுபடி போன்.

"நான் உள்ள போயிட்டேன்பா. உங்ககிட்ட பேசி வச்சதுமே திறந்துச்சு. சர்டிபிகேட் எல்லாம் ஏத்தி, அனுப்புன்னு அழுத்தறேன், அப்ப பார்த்து கட் ஆயிடுச்சு. அப்புறம் எவ்வளவு பார்த்தும் கிடைக்கலப்பா." விக்கி விக்கி அழுதாள். "எவன்பா அந்த சர்வரைப் பார்த்துக்கறவன்? அவன் நல்லா இருப்பானா?"



"இருக்க மாட்டான்மா," என்றார் ஏசுபாதம்.