கென்னாவின் மூத்த மகன்

நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், கொலையுண்டவர்தான் கொலைக்குச் சாட்சி. உயிரோடிருப்பவர்கள் பார்த்ததும் கேட்டதும் வழக்கில் சேராது. இறந்தவரைப் பதப்படுத்தி, துணி சுற்றி, நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அவருடைய மூத்த மகன் செம்பு உளியால் உதட்டைத் தொடுவான். வாய் திறக்கும். கொன்றவர் யாரென்று அவர் சொல்வார். இறந்தவர்கள் பொய் சொல்வதில்லை என்பது சட்டம்.

பொற்கொல்லர் கென்னா பார்லி மது குடித்துச் செத்தார். அதில் நஞ்சைக் கரைத்தவன் அவருடைய ஒரே மகன் பென்து என்பது ஊருக்கே தெரியும். ஊற்றிக் கொடுத்தவள், ஒன்றும் அறியாத இரண்டாம் மனைவி ஹுனுரோ. ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் கென்னா பேசாவிட்டால், ஊற்றியவளைக் கழுவேற்ற வேண்டும்.

பென்து தினமும் நீதிமன்றத்துக்கு வந்தான். உளியைக் கையில் எடுப்பான், கீழே வைப்பான்.

“தோள்பட்டை பிடிச்சிருக்குங்க. நாளைக்குத் தொடுறேன்.”

கென்னா சுவரில் சாய்ந்து காத்திருந்தார். ஆறு பச்சையாகிவிட்டது. அடுத்து சிவக்கும், பிறகு வெள்ளம்.

நான் தீர்ப்புகளைச் சந்தையில் தண்டோரா போடுபவன். ஹுனுரோ கூண்டுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“தண்டோராக்காரரே, உங்களுக்கு அப்பா கிடையாதுதானே?”

“பிறந்ததிலிருந்தே கிடையாதும்மா.”

“அப்ப என் வீட்டுக்காரருக்குப் பிள்ளையா வந்துடுங்களேன். பென்துவைவிட நீங்க மூத்தவர். ஊரையே எழுப்புற ஆளு, ஒரு உளியைத் தூக்க மாட்டீங்களா?”

சட்டத்தில் இடமிருந்தது. தகப்பன் இல்லாத எவரையும், எந்த வயதிலும், பிள்ளையாக எடுத்துக்கொள்ளலாம். நீதிபதி சம்மதம் கேட்டபோது கென்னா துணிக்குள்ளிருந்து ஒரு விரலை உயர்த்தினார். நான் உளியால் தொட்டேன். வாய் திறந்தது. முதலில் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம்.

“உம்மைக் கொன்றது யார்?” என்றார் நீதிபதி.

கென்னா பென்துவைப் பார்த்தார். பென்து தரையைப் பார்த்தான். அவன் மேலாடை தோளிலிருந்து நழுவியிருந்தது. கென்னா கை நீட்டி அதைச் சரிசெய்தார். பிறகு அதே கையால் என்னைக் காட்டினார்.

“மூத்தவன்.”

ஹுனுரோவை விடுவித்தார்கள். தீர்ப்பைச் சந்தையில் நானே அறிவித்தேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்காக என் பெயரை இன்னொரு முறை சொன்னேன்.

வெள்ளம் வடிந்ததும் எனக்குக் கழுமரம். அப்பா தினமும் காலையில் சிறைக்கு ரொட்டி கொண்டுவருகிறார். காலில் துணி சுற்றியிருப்பதால் மெதுவாகத்தான் நடக்க முடிகிறது.

“கோபமாடா?”

“இல்லப்பா. தம்பி நல்லா இருக்கானா?”

“இருக்கான். தோள்பட்டை சரியாயிடுச்சு.”

எனக்குப் பிள்ளை இல்லை. செத்த பிறகு என் வாயைத் திறக்க ஆளிருக்காது. வாய் திறக்காதவனுக்கு மறுமையில் சாப்பாடு இல்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். அவருடைய தகப்பனாரும் காலமாகிவிட்டார். நேற்று நீதிபதியின் முன்னிலையில் அப்பாவை நான் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்டேன்.

இன்று காலை ரொட்டியை என் முன்னால் வைத்தார்.

“சாப்பிடுங்கப்பா” என்றார்.